ஓட ஆரம்பிக்கிறீர்களா? வாட்ச்சிடம் கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், புதிதாக ஓட ஆரம்பிப்பவர்களுக்கு போனும் வாட்ச்சும் எப்படி உதவும் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு இரண்டு பக்கமே போதவில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, ஒன்பது கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

*

அக்கா, எனக்கு 34 வயது. ஏழு வருடமாக உட்கார்ந்தே வேலை. போன மாதம் 28,000 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன், அவ்வளவு பணம் போட்டுவிட்டால் ஓடித்தானே ஆக வேண்டும் என்று. நாலு நாள் ஓடினேன். நாலு நாளும் மூன்றாவது நிமிடத்திலேயே இதயத் துடிப்பு 178 என்று சிவப்பில் காட்டியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். கோளாறு என் இதயத்திலா, வாட்ச்சிலா? மாற்றிவிடலாமா?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

தம்பி, முதலில் ஒன்று. ஓடும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றலோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ இருந்ததா? வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். இந்த விஷயத்தில் வாட்ச் சொல்வதையோ நான் சொல்வதையோ நம்பக் கூடாது.

அப்படி எதுவும் இல்லையென்றால், நடந்தது அநேகமாக இரண்டில் ஒன்று. முதலாவது, நீங்கள் ரொம்ப வேகமாக ஓடியிருக்கிறீர்கள். புதிதாக ஓடுகிற எல்லோரும் செய்வதுதான் இது, ஏனென்றால் நம் கால்களுக்கு ஞாபகம் இருப்பது பள்ளி மைதானத்தில் ஓடிய வேகம், ஆனால் இதயமும் நுரையீரலும் ஏழு வருடம் நாற்காலியில் இருந்தவை. 220இலிருந்து வயதைக் கழி என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அதன்படி உங்கள் உச்சத் துடிப்பு 186. 2001இல் டனாகா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் சொன்ன கணக்கில், அதாவது 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால், 184 வருகிறது. இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும். எப்படிப் பார்த்தாலும் 178 என்பது உச்சியை ஒட்டிய எண், அந்த அளவில் யாராலும் நிம்மதியாக ஓட முடியாது.

இரண்டாவது, வாட்ச் உங்கள் துடிப்பை எண்ணாமலேயே இருந்திருக்கலாம். அதைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வருகிற ஒளியும் மாறும், அந்த மாற்றத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. பட்டை தொளதொளவென்று இருந்தால் கை வீசுகிற ஒவ்வொரு தடவையும் வாட்ச்சும் குதிக்கும், அந்தக் குதியையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஓடும்போது பெரும்பாலும் நிமிடத்துக்கு 160இலிருந்து 180 அடிகள் வைப்போம். உங்கள் 178 எனக்குச் சந்தேகம் தருவது அதனால்தான், அது உங்கள் காலடிக் கணக்காக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே, தோலோடு ஒட்டுகிற மாதிரி வாட்ச்சை இறுக்கிக் கட்டுங்கள், ஓடி முடித்த பிறகு தளர்த்திக்கொள்ளலாம். மூன்று நிமிடம் ஓடுங்கள். நின்ற உடனே, தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரலை மெதுவாக வைத்து 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். விரல் கணக்கு 150, வாட்ச் 178 என்றால் தவறு வாட்ச்சில். இரண்டும் ஒத்துப்போனால் தவறு உங்கள் வேகத்தில். மார்பில் கட்டுகிற பட்டை ஒன்று தனியாகக் கிடைக்கிறது, அது இதயத்தின் மின் துடிப்பையே படிப்பதால் இந்தக் குழப்பம் குறைவு, ஆனால் இப்போது அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, நம் ஊர்ப் புழுக்கம். விடியற்காலையில் கடலோரப் பக்கம் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வியர்வை கொட்டும், ஆனால் காயாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாதபோது இதயம் தோலுக்கும் ரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கும், காலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு மேலே போகும். வெளிநாட்டில் குளிரில் ஓடுகிறவர் போடுகிற எண்ணை யூடியூபில் பார்த்து நம் எண்ணோடு ஒப்பிட்டால் மனசு கெட்டுப்போகும். வானிலை ஆப்பில் வெப்பநிலைக்குக் கீழே பனிநிலை (டியூ பாயின்ட்) என்று ஒரு எண் இருக்கும், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அது சொல்லும். அது 24, 25ஐத் தொட்டால் அன்றைக்கு இன்னும் மெதுவாக ஓடுங்கள். எனக்கு அந்த ஆப்பிலேயே உருப்படியான எண் அதுதான்.

வாட்ச்சை மாற்ற வேண்டாம். அதில் இன்டர்வல் டைமர் என்று ஒரு வசதி இருக்கும், 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று அதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் 28,000 ரூபாயில் உங்களுக்கு வேண்டியது அந்த அதிர்வு ஒன்றுதான். நான் 44 வயதில் மெரினாவில் கலங்கரை விளக்கத்தடியில் ஆரம்பித்தபோது என் கையில் இருந்தது மகன் கழித்துப்போட்ட ஒரு சாதா வாட்ச். அது 60 விநாடிக்கு ஒரு தடவை மணிக்கட்டில் 'விர்' என்று அதிரும். முதல் நாள் அந்த 60 விநாடியே முடியாது போலிருந்தது, வயிற்றின் ஓரத்தில் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நொச்சிக்குப்பம், பெண்கள் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு அம்மா கூடையைச் சும்மாட்டிலிருந்து இறக்கியபடியே "மெதுவா போம்மா, ஏன் இப்படி ஓடுற" என்றார். அடுத்த அதிர்வுக்கு நான் அவர் சொன்னபடி ஓடினேன், கிட்டத்தட்ட நடை வேகத்தில். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த நிமிடம் முழுவதும் மூச்சு தாங்கியது.

அளவு இதுதான், பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும். பேச முடியாமல் இரைத்தால் வேகம் அதிகம். இதயத் துடிப்புத் திரையை செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

*

வணக்கம் மேடம். எனக்கு 52 வயது, இல்லத்தரசி, பி.பி. மாத்திரை எடுக்கிறேன். மகன் வேலைக்கு வெளியூர் போகும்போது தன் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்துவிட்டுப் போனான். வாட்ச் எல்லாம் வாங்க முடியாது. தினமும் நடக்கிறேன், கொஞ்சம் ஓடிப் பார்க்க ஆசை. இந்த வயதில் ஓடினால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம், தனியாகப் போகப் பயமும் இருக்கிறது.
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

அம்மா, வாங்க வேண்டிய ஒரே பொருள் ஷூ. கையில் இருக்கிற பணத்தை அதில் போடுங்கள். சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதற்கு ஏற்ற அளவுதான் ஓடும்போது வேண்டும். கட்டைவிரலுக்கு முன்னால் கை விரல் அகலம் இடம் விட்டிருக்க வேண்டும். கடையிலேயே நாலு அடி ஓடிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பி.பி. மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டாக்டரிடம் 'நான் ஓடப் போகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சில வகை பி.பி. மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும், அதனால் நாளைக்கே யாராவது வாட்ச் பரிசாகக் கொடுத்தாலும் அதிலுள்ள துடிப்பு எண்களை மற்றவர்களுக்கு மாதிரி நீங்கள் பார்க்கக் கூடாது. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று மேலே சொன்ன பேச்சுச் சோதனைதான் உங்களுக்குச் சரி.

அப்புறம் போன். 'கௌச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்ற பெயரில் ஆப்கள் இருக்கின்றன, ஆங்கிலத்தில் ஓடு, நட என்று குரல் சொல்லும். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்ட திட்டம் அது, தன் அம்மாவையும் ஓட வைக்க வேண்டும் என்று நினைத்துப் போட்டது. அப்படியென்றால் அது உங்களுக்காகவே போட்ட திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாரத்தில் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி மாற்றி மாற்றி 20 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிடம் நடை. ஒன்பதாம் வாரம் 30 நிமிடம் விடாமல் ஓட்டம். மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான், நாலாவது நாள் ஆசையாக இருந்தாலும் நடங்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், ஆனால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் எலும்பும் பழக ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளும். முழங்கால் போச்சு என்று நிறுத்துகிற பலர் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று அவசரப்பட்டவர்கள்தான்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம், ஒரு பக்கத் தோள் இறுகும், வியர்வையில் வழுக்கும். இடுப்பில் கட்டுகிற துணிப் பை வாங்கிக்கொள்ளுங்கள், போன் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். சுடிதார் நன்றாகப் போதும், துப்பட்டாவை மட்டும் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துவிடுங்கள். குரல் கேட்க ஒரு காதில் மட்டும் இயர்போன், இன்னொரு காது தெருவுக்கு. ஆட்டோ வருவதும் நாய் உறுமுவதும் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

பயத்துக்கு வழி: வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை மகனுக்கு 1 மணி நேரத்துக்கு வைத்துவிட்டுக் கிளம்புங்கள், எந்த ஊரில் இருந்தாலும் அம்மா எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்புக்குப் போகும், உங்கள் போனில் அது இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண் மனதில் இருக்கட்டும்.

கூச்சத்துக்கு எந்த ஆப்பும் இல்லை. முதல் இரண்டு வாரம் தெருவில் ஓடாமல் தி. நகர் நடேசன் பூங்கா மாதிரி ஒரு இடத்துக்குப் போங்கள், காலை ஆறு மணிக்கு அங்கே எல்லோருக்கும் அவரவர் சர்க்கரையும் பி.பி.யும்தான் கவலை, உங்களைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. மூன்றாம் வாரத்தில் யாராவது ஒரு அம்மா "தினமும் ஓடுறீங்களே, எப்படி ஆரம்பிச்சீங்க" என்று கேட்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

*

தினமும் திருவான்மியூர் கடற்கரையில் ஒரே வழியில் மெதுவாக ஓடுகிறேன். என் வாட்ச் 5.8 கிலோமீட்டர் என்கிறது, சட்டைப் பையில் இருக்கும் போன் 6.2, மனைவி போன் 6.5. எது உண்மை? வங்கியில் 36 வருடம் இருந்தவன், கணக்கு உதைத்தால் தூக்கம் வராது.
– ஓய்வுபெற்றவர், வயது 63, திருவான்மியூர்

ஐயா, மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் பொய். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே 20,000 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றிலிருந்து சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து நீங்கள் நிற்கிற இடத்தை உங்கள் கருவி கணக்குப் போடுகிறது, அதற்குக் குறைந்தது நாலு கோள்கள் தெரிய வேண்டும். வழியில் ஒரு கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தால் தூரம் கூடுதலாகத் தெரியும், புள்ளி சில மீட்டர் தள்ளி விழும். இப்படித் தள்ளித் தள்ளி விழுந்த புள்ளிகளைக் கோடாகச் சேர்க்கும்போது, நேராக ஓடிய உங்களை அது வளைந்து வளைந்து ஓட வைத்துவிடும், கிலோமீட்டர் கூடிவிடும். போன் பையில் ஆடிக்கொண்டும் உடம்பு மறைத்துக்கொண்டும் இருப்பதால் அதற்கு இன்னும் கஷ்டம். கடற்கரையில் வானம் திறந்திருக்கிறது, உங்களுக்கு இவ்வளவுதான் வித்தியாசம். வடபழனிப் பக்கம் நூறடி சாலையில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஓடிவிட்டு வரைபடத்தைப் பாருங்கள், உங்களைக் கட்டடத்துக்குள் புகுந்து வெளியே வந்த மாதிரி காட்டும்.

உண்மை வேண்டுமென்றால் 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானத்துக்கு ஒருநாள் போங்கள். உள்வரிசையில், அதாவது முதல் பாதையில் பத்துச் சுற்று, 4 கிலோமீட்டர். இரண்டாவது பாதைக்குப் போனால் சுற்றுக்கு 7 மீட்டர் கூடிவிடும், அதனால் முதல் பாதையிலேயே இருங்கள். மூன்று கருவிகளையும் கொண்டுபோங்கள், எது எவ்வளவு உதைக்கிறது என்று உங்களுக்கே எழுத்தில் கிடைத்துவிடும். அப்புறம் அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள், நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட ஒரே தராசு இருந்தால் போதும். வீட்டை விட்டு இறங்கிய உடனே ஸ்டார்ட் அழுத்த வேண்டாம். வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று, கருவி கோள்களைப் பிடித்த பிறகு கிளம்பினால் முதல் அரை கிலோமீட்டர் ஒழுங்காக வரும்.

போட்டிகளில் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? சைக்கிள் சக்கரத்தில் சுற்றை எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தி, சாலையின் மிகக் குறுகிய கோட்டில் ஓட்டிக்கொண்டு போவார்கள், குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைப்பார்கள். ஜனவரியில் சென்னை மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஓடி முடித்தவர்கள் என் வாட்ச் 42.6 காட்டுகிறதே என்று சண்டைக்கு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

*

பைக்கில் ஆபீஸ் போய்விட்டு வந்தாலே கையில் கட்டியிருக்கும் ஃபிட்னஸ் பேண்டில் மூவாயிரம் அடி ஏறிவிடுகிறது. தினமும் 10,000 அடி ஆகிவிட்டால் ஓட வேண்டியதில்லை அல்லவா?
– போரூர் வாசகர்

பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது உங்கள் கை குதிக்கிறது, அதைத்தான் பேண்ட் எண்ணுகிறது. அந்த 10,000 என்ற எண்ணும் மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு வந்ததில்லை, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயர், 'மான்போ கே', பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். நடப்பது ரொம்ப நல்லது, விடாதீர்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள், அது பைக்கில் வராது.

*

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தோழிகள் எல்லாம் ஸ்ட்ராவாவில், அதாவது ஓட்டங்களைப் பதிந்து பகிர்கிற ஆப்பில், இருக்கிறார்கள், நானும் சேர்ந்தேன். பத்து நாளில் முன்பின் தெரியாத ஒருவர் என் ஓட்டத்துக்கெல்லாம் லைக் போட ஆரம்பித்தார். பயமாக இருக்கிறது. ஓடுவதையே நிறுத்திவிடலாமா அக்கா?
– ஒரு மாணவி, தாம்பரம்

ஓட்டத்தை நிறுத்தாதே கண்ணு. இப்போதே போனை எடுத்து மூன்று வேலை செய். அந்த ஆளை பிளாக் செய். பிரைவசி செட்டிங்ஸில் போய் உன் ஓட்டங்களை உன்னைப் பின்தொடர்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்று, பின்தொடர்பவர் யார் என்பதை நீ சம்மதித்த பிறகே சேர்க்கிற மாதிரியும் வை. அப்புறம் வரைபடம் என்ற இடத்தில், ஓட்டத்தின் தொடக்கமும் முடிவும் மறைந்திருக்கும்படி செய்யலாம், வீட்டு விலாசத்தையும் விடுதி விலாசத்தையும் அதில் கொடுத்துவிடு. பழைய ஓட்டங்களையும் யார் பார்க்கலாம் என்று மாற்று, இல்லாவிட்டால் அவை அப்படியே திறந்து கிடக்கும்.

இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா தன் ஆட்கள் உலகம் முழுவதும் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக வரைபடத்தில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கவனித்துச் சொன்னார், பாலைவனங்களின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவர் வரைக்கும் அதில் தெரிந்தது, உள்ளே வீரர்கள் தினமும் ஓடியதால். ராணுவ முகாமே தெரிந்தது என்றால் உன் விடுதி வாசல் தெரியாதா? தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடாதே, ஓடி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு பதிவேற்று. அந்த ஆள் வேறு வழியில் தொடர்ந்தால் உடனே வீட்டில் சொல், காவல்துறையிடம் சொல்லவும் தயங்காதே. இதில் உன் தப்பு எதுவும் இல்லை.

*

அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. 45,000 ரூபாய்க்கு டிரெட்மில் தவணையில் தருகிறார்கள். வாங்கலாமா?
– அண்ணா நகர் தம்பதி

வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் டவர் பார்க் இருக்கிறது, நிழலான நடைபாதையோடு. ஆறு மாதம் அங்கே ஓடுங்கள், அதற்குப் பிறகும் மழைக்காலத்தில் ஓட முடியவில்லையே என்று ஏக்கமாக இருந்தால் அப்போது வாங்குங்கள். வீட்டில் கைக்குழந்தை, அல்லது விட்டுவிட்டு வெளியே போக முடியாத பெரியவர் இருந்தால் மட்டும் இப்போதே யோசிக்கலாம், அப்படி வாங்கினால் அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள், இரண்டாவது மாடிக்காரர்களுக்கும் காலை ஐந்து மணிக்குத் தூக்கம் வேண்டுமே.

*

தினம் ஓடுகிறேன், வாட்ச் 600 கலோரி எரிந்தது என்கிறது. இரண்டு மாதமாக எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை.
– பெரம்பூர் வாசகர்

வாட்ச் சொன்ன 600ஐ நம்பி, அதற்கு ஈடாகப் பொங்கல், வடை சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத் தவறுக்குள் நின்றன. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். கலோரித் திரையை எடுத்துவிடுங்கள். தினமும் ஓடுவதையும் குறைத்து, வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு கொடுங்கள். எடைக்குத் தட்டைப் பார்க்க வேண்டும், மணிக்கட்டைப் பார்த்துப் பயனில்லை.

*

என் வாட்ச் எட்டே மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போய்விட்டது. தண்ணீர் புகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கே தவறு?
– ராயபுரம் வாசகர்

எனக்கும் இப்படி ஒன்று போயிருக்கிறது, அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். வாட்ச்சின் முதுகில் சார்ஜர் தொடுகிற இடத்தில் இரண்டு மூன்று சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். என் வாட்ச்சில் அவற்றைச் சுற்றி பச்சையாக ஒரு மாவு படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அடியில் உலோகம் அரித்துக் குழி விழுந்திருந்தது. வியர்வை உப்பு. ஈரம் காயாமல் அப்படியே சார்ஜரில் மாட்டி, அந்த உப்பில் மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். விற்பனைக்குப் பிந்தைய சேவை மையத்துக்கு மூன்று தடவை அலைந்தேன், வியர்வைக்குப் பொறுப்பில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதச் சேமிப்பில் வாங்கிய வாட்ச், எனக்கு நிஜமாகவே வருத்தம்.

உங்களுடையதில் பச்சை மட்டும் படிந்து குழி விழாமல் இருந்தால், பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, ஒருநாள் காயவிட்டு மாட்டிப் பாருங்கள், சில சமயம் உயிர் வரும். இனிமேல் ஓடிவிட்டு வந்ததும் வாட்ச்சைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம், மெல்லிய துணியால் ஒற்றி, விசிறிக்கடியில் அரை மணி நேரம் வையுங்கள், அப்புறம்தான் சார்ஜர். பட்டையையும் கழற்றிக் கழுவினால் மணிக்கட்டில் வருகிற அரிப்பும் தடிப்பும் நிற்கும். தண்ணீர் புகாது என்றால் நல்ல தண்ணீர் உள்ளே போகாது என்று மட்டும்தான் அர்த்தம், வெளியே உப்பு உட்கார்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

*

அக்கா, 'கௌச் டு 5கே' ஒன்பது வாரத் திட்டத்தில் ஐந்தாவது வாரத்தில் சிக்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் 8 நிமிடம், நடை, மறுபடி 8 நிமிடம் முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடு என்கிறது ஆப். மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் 13, 14 நிமிடத்தில் நின்றுவிட்டேன். ஆப்பில் அந்த நாள் சிவப்பாகவே இருக்கிறது. என்னால் முடியாது போலிருக்கிறது.
– ஆசிரியை, வயது 41, வியாசர்பாடி

டீச்சர், ஐந்தாவது வாரம் மூன்றாம் நாள்தான் இந்தத் திட்டத்தில் பலரும் நிற்கிற இடம், நானும் அங்கே நின்றேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் 60 விநாடி ஓடியவர் இப்போது 14 நிமிடம் ஓடுகிறீர்கள், ஆப் அதைப் பச்சையில் காட்டவில்லை என்பதால் நான் இங்கே சொல்கிறேன்.

இந்த வாரம் மூன்றாம் நாளை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாளையே இன்னும் மூன்று தடவை செய்யுங்கள், நடுவில் இருக்கிற 5 நிமிட நடையை ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள், 4, 3, 2. ஆப்பில் பழைய நாளைத் திரும்பத் தட்டினால் திறக்கும். அதற்கு அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, காலை ஐந்தரைக்கெல்லாம் மெரினாவுக்கு வாருங்கள், உழைப்பாளர் சிலைப் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு கலங்கரை விளக்கத்தைப் பார்த்து ஓடுங்கள். தட்டையான பாதை, சிக்னல் கிடையாது. முதல் 5 நிமிடம் உங்களுக்கே எரிச்சல் வருகிற அளவுக்கு மெதுவாக ஓட வேண்டும், நீங்கள் 13இல் நிற்பது முதல் ஐந்தில் செலவழித்ததால்தான். போனைப் பையில் திரை உள்பக்கமாக வைத்துவிடுங்கள். எத்தனை நிமிடம் ஆச்சு என்று பார்க்க வேண்டாம், முடிந்ததும் அது குரல் கொடுக்கும்.

அன்றைக்கு முடிந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். முடியாவிட்டாலும் எந்த நிமிடத்தில் நின்றீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து பார்ப்போம்.